பதினோரு வினாடி

டிரைவர் என்று நான் சொன்னது வண்டி ஓட்டுபவரை அல்ல. உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார், திருத்திவிடுங்கள். கணினியில் வயர்லெஸ் அட்டையை வேலைசெய்ய வைக்கும் சிறு நிரலுக்கு அந்தப் பெயர்.

எங்கள் தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளைத் தூக்கி அடுக்கும் இயந்திரக் கை ஒன்று உண்டு. அதற்கு வயர்லெஸ்ஸில் கட்டளை அனுப்பும் கணினி எப்போதாவது உறைந்துபோகும். அதன் உயிர்நாடியான கெர்னலே விழுந்துவிடும். கை மட்டும் கடைசியாகக் கேட்ட கட்டளையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதம் முன்பு ஒரு வெல்டரின் தோள் அதில் போயிற்று. அசட்டையாக நின்றார் என்று மேலாளர் எழுதிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழுது டிரைவரில் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தால் போதாதே, காட்ட வேண்டும்.

நாற்பது நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்தக் கணினியின் ஆன்டெனாவுக்கு எதிரே ஆள் நடந்தால் சிக்னல் மங்குகிறது. மங்கி மீளும் கணத்தில் டிரைவர், தான் விட்டுவிட்ட நினைவகத்திலேயே மறுபடி எழுதுகிறது. வீட்டைக் காலிசெய்தவன் பழைய சாவியோடு வந்து படுத்துக்கொள்வது மாதிரி. ஆளுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களை உருட்டிப் பார்த்தேன். கணினி மசியவில்லை. ஆள்தான் வேண்டியிருந்தது.

என் தங்கை கணவர் அங்கே ஃபிட்டர். வேலை வாங்கிக்கொடுத்ததே நான்தான். சாப்பாட்டு இடைவேளையில், கூடம் காலியானதும் கூப்பிட்டேன். வேறு யாருக்கும் அடிபட்டுவிடக் கூடாதல்லவா.

“சும்மா இப்படியும் அப்படியும் நடங்க மாப்ள.”

“அது ரொம்பப் பக்கத்துல வருதே மச்சான்?”

“நிறுத்துற பட்டன் என்கிட்டதான் இருக்கு. நான் இருக்கேன்ல.”

“அப்ப சரி. சீக்கிரம் முடிங்க, உங்க தங்கச்சி கட்டிக் குடுத்தது ஆறிடும்.”

பதினான்கு முறை நடந்தார். பதினைந்தாவதில் திரை உறைந்தது. கை பக்கவாட்டில் வந்து அவரை நெஞ்சோடு தூணில் அழுத்தியது.

விழுந்த கணினியின் பிழைப்பதிவு கேபிள் வழியாக என் மடிக்கணினியில் வரிவரியாக வந்துகொண்டிருந்தது. மெதுவான இணைப்பு அது. முழுதாக வந்துசேரப் பதினோரு வினாடி ஆகும். பட்டனை அழுத்தினால் கைக்கும் கணினிக்கும் சேர்த்தே மின்சாரம் போய்விடும். பாதிப் பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுபடியும் அவரையே நடக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அது நியாயமில்லை.

“மச்சான், பட்டன்” என்றார், இரண்டு முறை. மூன்றாம் முறை வாய் அசைந்தது, குரல் வரவில்லை. விலா எலும்புகள் முறிவது கேட்டது. எத்தனை என்று நான் கவனிக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து கொட்டிய இரத்தம் இயந்திரத்தின் மஞ்சள் பெயிண்டில் வழிந்து தரையில் சொட்டியது. கடைசி வரி வந்ததும் அழுத்தினேன். அதில் துளித் தாமதமும் இல்லை. பிழையின் வரி எண்ணைக் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழைத்தேன்.

அன்று மாலையே டிரைவரைச் சரிசெய்துவிட்டேன். அதன்பின் அந்தக் கணினி ஒருமுறைகூட விழவில்லை.

பகை ஏதாவது உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கிடையாது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். வேறு யாராயிருந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கை என்னைப் பார்க்க வரவில்லை. நான் எழுதிய பழுது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில் அவர் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். அதை யாரும் அவளிடம் காட்டியிருக்க மாட்டார்கள்.