ஆள் ஏறினாத்தான் டிக்கெட்

— அதைத்தான் நானும் கேக்கறேன். இவ்வளவு பெரிய ஸ்டேஷன்ல மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்ல ஒரு மனுஷன் கிடையாதா? இப்பல்லாம் எவனும் எவனுக்கும் பதில் சொல்றதில்ல. ஒரு கண்ணாடிப் பொட்டிய நட்டு வச்சுட்டு, நீயாச்சு அதாச்சுன்னு போயிடறான்.

— அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. ரெண்டு தடவை தப்பாப் போயிடுச்சு. இன்னொரு தடவை தப்பா அடிச்சா மெஷின் பூட்டிக்கும்.

— பூட்டட்டும். வீட்டுக்குப் போலாம்.

— பூட்டிக்கிட்டா கவுண்டருக்குத்தான் போகணும். அங்க வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. வண்டியும் பிளாட்பாரத்துக்கு வந்தாச்சு.

— உங்கண்ணன் டிக்கெட் போட்டதே பொய்யா இருக்கும். ஆயுசு முழுக்க பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன் நான். 'எடுத்தாச்சு, எடுத்தாச்சு'ன்னு சத்தமாச் சொல்றவன்ல பாதிப் பேரு எடுக்காதவன். எனக்குத் தெரியாதா?

— அவன் போட்டுட்டாம்பா. இதோ, போன்ல நம்பர் அனுப்பியிருக்கான் பாருங்க. நம்பரை மெஷின் ஒத்துக்குது. அதுக்கப்புறம் டிக்கெட் போட்டவரோட குடும்பப் பேரு என்னன்னு கேக்குது. அங்கதான் இடிக்குது.

— நமக்கு ஏது குடும்பப் பேரு? எம் பேருக்கு முன்னாடி எங்கப்பா எழுத்து. உங்க பேருக்கு முன்னாடி என் எழுத்து. முடிஞ்சுது.

— அது இந்த நாட்டு மெஷினுக்குத் தெரியாதே. அந்த எழுத்தை விரிச்சு முழுப் பேரா எழுதினா, அதுதான் இவங்களுக்குக் குடும்பப் பேரு. முதல்ல அண்ணன் பேரையே போட்டுப் பாத்தேன். இல்லன்னுடுச்சு. உங்க பாஸ்போர்ட்ல இருக்கேன்னு தாத்தா பேரைப் போட்டேன். அதுவும் இல்ல.

— எங்கப்பா போய்ச் சேந்து எவ்வளவு காலமாச்சு, அவரை எதுக்கு ரயிலேத்தற? உங்கண்ணனுக்கே போன் போட்டுக் கேளேன்.

— ஷிப்ட்ல இருக்கான். பேக்டரிக்குள்ள போனை விட மாட்டாங்க. வேலை முடிஞ்சதும் நேரா ஸ்டேஷனுக்கு வந்து நிக்கறேன்னு சொல்லியிருக்கான்.

— நிப்பான், நிப்பான்.

— நாளன்னைக்கு உங்களுக்கு ஊருக்கு பிளைட்டுப்பா. இந்த வண்டிய விட்டா அவனைப் பாக்காமத்தான் போவீங்க. அம்மா போனதுலேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. இன்னிக்கு விட்டா அப்புறம் எப்ப?

— அவனைப் பாக்கணும்னு நான் கேட்டேனா?

— கேக்கல. காலைலேருந்து மூணு சட்டை மாத்தினது யாரு?

— அது பட்டன் சரியில்லாம மாத்தினேன். பேச்சை மாத்தாத.

— மூணு சட்டையிலயுமா? சரி விடுங்க. மிச்சம் ஒரு பேருதான் இருக்கு. உங்க பேரு.

— அதைப் போடாத.

— ஏன்?

— அவங்கிட்ட எம் பேரு இருக்காது. உங்கம்மாவை எடுத்த அன்னிக்கு வாசல்ல நின்னு, அத்தனை சனத்துக்கு முன்னாடி என்ன சொன்னான்? 'இனிமே உங்க எழுத்து எனக்கு வேண்டாம்'னான். சொன்னா செய்யறவன். அந்தப் பிடிவாதம் அவங்கிட்ட உண்டு.

— யாருகிட்டேருந்து வந்துதோ! அவன் ஏன் அப்படிச் சொன்னான்? அதையும் சொல்லுங்க.

— பழசைக் கிளறாத. நேரமாகுதுன்னியே.

— 'டிக்கெட் போட்டுட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன், அம்மா முகத்தை ஒரு தடவை பாத்துடறேன்'னு போன்ல கெஞ்சினான். நீங்க நம்பல. ஒருத்தனுக்காக வண்டி நிக்காதுன்னு சொல்லி எடுக்கச் சொல்லிட்டீங்க. அவன் வந்து எறங்கறப்ப வீட்டைக் கழுவி விட்டாச்சு.

— ஆள் ஏறினாத்தான் டிக்கெட். அதுதான் எங்க டிப்போ சட்டம். ஏறுவான்னு நம்பி முன்னாடியே கிழிச்சுட்டு, அவன் ஏறலைன்னா செக்கிங் இன்ஸ்பெக்டர்கிட்ட யாரு பதில் சொல்றது? வருவான்னு எனக்கு யாரு கையடிச்சுக் குடுத்தா?

— ஆனா வந்தாம்ப்பா.

— அறிவிப்பு ஏதோ சொல்றாங்க பாரு. நம்ம வண்டியா?

— நம்ம வண்டிதான். கிளம்பப் போகுதாம். பின்னாடி நிக்கறவர் வேற உச்சுக் கொட்டறாரு.

— கொட்டட்டும். உங்கம்மா பேரை அடி.

— அம்மா பேரா?

— எம் பேரை எடுத்தவன் அந்த எடத்துல அவ பேரைத்தான் வச்சிருப்பான். பொறந்ததுலேருந்து அவ முந்தானைக்குள்ளயே வளந்தவன். எனக்குத் தெரியாதா?

— இது கடைசித் தடவைப்பா. தப்பாப் போச்சுன்னா...

— அவங்கிட்ட எம் பேரைத் தேடிக்கிட்டு நிக்காதன்னு சொல்றேன்ல? அவன் இல்லன்னு சொன்னது பத்தாதா? இந்தப் பொட்டியும் ஒரு தடவை எம் மூஞ்சிக்கு நேரா சொல்லணுமா?

— சரி, சரி, கத்தாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் விழுந்து ஒண்ணும் தெரியல.

— அவ பேருதானே?

— அடிச்சுட்டேன்.

— என்ன சொல்லுது?

— சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு.

— பூட்டிக்கிச்சா?

— இருங்கப்பா... வருது! வந்துடுச்சுப்பா! கையை ஏந்துங்க, கீழ விழுது பாருங்க!

— பாத்தியா? நான் சொன்னேன்ல? உங்கம்மா பேருதான். என்னைச் சுத்தமா வழிச்சுத் துடைச்சு எறிஞ்சுட்டான். நல்லதாப் போச்சு, தெரிஞ்சுக்கிட்டேன். நீ போய்ட்டு வா. வீட்டுச் சாவியக் குடு.

— இருங்க. ஒண்ணு, ரெண்டு... அஞ்சு இருக்கே?

— ரெண்டு பேரு போய்ட்டு வர நாலுதானே? பாத்தியா, பொட்டியும் ஏமாத்துது.

— போறதுக்கு ரெண்டு. திரும்பி வர்றதுக்கு மூணு.

— தப்பாத் துப்பியிருக்கும்.

— இல்லப்பா. மூணாவதுல அண்ணன் பேரு இருக்கு. நம்மகூடத் திரும்பி வர்றாம்ப்பா! எங்கிட்டகூடச் சொல்லல, திருட்டுப் பய. இந்தாங்க, அவன் பேருக்குப் பக்கத்துல குடும்பப் பேரு என்னன்னு பாருங்க.

— எழுத்து பொடியா இருக்கு. கண்ணாடி பையில கெடக்கு. நீயே சொல்லு.

— உங்க பேரு. நான் மெஷின்ல அடிச்சதும் அதைத்தான்.

— நான் என்ன சொன்னேன், நீ என்ன அடிச்ச?

— அம்மா பேரை அடிச்சிருந்தா இந்நேரம் பூட்டியிருக்கும்.

— அவசரத்துல பழைய சர்டிபிகேட்டைப் பாத்துப் போட்டிருப்பான்.

— அப்பா!

— என்ன அப்பா? டிக்கெட்டுல பேரு இருந்தா ஆள் வந்ததா ஆயிடுமா? முதல்ல ஏறி உக்காரட்டும். அதுவரைக்கும் நான் நம்ப மாட்டேன். குடு அந்த மூணாவதை, என் பையிலயே இருக்கட்டும். நீ தொலைச்சுடுவ.

— எங்க ஓடறீங்க? பையை இங்கயே போட்டுட்டு! வண்டி நகந்துடும்ப்பா, நான் எப்படித் தூக்கிட்டு ஓடி வர்றது?

— நீ மெதுவா வா. நான் போய் வாசப்படியில ஒரு காலை வச்சுக்கிட்டு நிக்கறேன். எவன் விசிலடிச்சாலும் சரி, நீ வந்து சேர்ற வரைக்கும் வண்டி நிக்கும்.