மீரான் பாய் கொண்டுவந்த சீசா

— அப்படின்னா சீட்டு தரமாட்டீங்களா, டாக்டரய்யா?

— எப்படித் தருவேன், மீரான் பாய்? 'இவருக்கு ஒண்ணுமில்ல'ன்னு எழுதினா அது பொய்யில்லாவே?

— மூத்திரம் தெளிவா இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?

— கண்ணுக்குத் தெளிவுதான். மதுரையில மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்திருக்கான். செல்லெல்லாம் கோணல்மாணலாக் கெடக்கு. மூத்திரப்பையில கேன்சர். உக்காரும்வே, ஏன் எந்திரிக்கீரு?

— சீசா மாறியிருக்கும்.

— நானே உம்ம பேரை ஒட்டி அனுப்பினேன். மாறல.

— ஒலி முகம்மது மொதலாளிகிட்ட என்ன சொல்லுவேன்? எங்கூடச் சாயம் முக்குன பேச்சிமுத்து செத்ததுல இருந்து அவரு கறாரா நிக்காரு. 'செகப்பாப் போறவன் என் சாயப்பட்டறைக்கு வேண்டாம். டாக்டர் சீட்டைக் கொண்டா, இல்லன்னா என் வீட்டைக் காலி பண்ணு'ங்காரு.

— உமக்குச் செகப்பாப் போவுதாவே?

— செகப்புச் சாயம் முக்குறவனுக்குப் பின்ன பச்சையாவா போவும்? பட்டறையில எல்லாருக்கும் அப்படித்தான். சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிடுவோம்.

— அது சாயமில்லவே, ரத்தம். பேச்சிமுத்துவும் இந்த நாற்காலியில உக்காந்துதான் சிரிச்சான். ஆனா நீரு கொண்டாந்தது தெளிவா இருந்துச்சே?

— அன்னைக்கு... அப்படிப் போச்சு. இது எதனால வருது, அதைச் சொல்லுங்க.

— சாயத்துல ஒரு பொடி கலக்குதீருல்லா, அதனாலதான். நீரு முன்னால தறியும் ஓட்டினவரு. சேலைக் கரையில பூ விழ ஓட்டை போட்ட ஜக்காடு அட்டை மாட்டுவீரே, அதுல ஒரு ஓட்டை தப்பா விழுந்தா?

— பூ கோணிரும். சேலை பூராவும் அதே கோணல்தான்.

— ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அப்படி ஒரு அட்டை இருக்கு. செல்லு ரெண்டாவும்போது அதையும் பாத்துப் படியெடுத்துக்கிடும். அந்தப் பொடி உள்ள போயி ஒரு ஓட்டையை மாத்திப் போட்டுருது. பெறவு எடுக்குத படியெல்லாம் தப்பு. 'போதும், நிறுத்து'ன்னு சொல்லுத ஓட்டையே அடைஞ்சு போச்சுன்னா?

— தறி நிக்காது.

— அதான்வே கேன்சர்.

— ஐந்தருவியில ஒரு மண்டலம் நின்னு குளிச்சா? சாரல் விழுந்தா ஊரு ஒலகமெல்லாம் நோயைத் தூக்கிக்கிட்டு குத்தாலத்துக்குத்தான வருது?

— தலையில விழுத தண்ணி உள்ள இருக்குத அட்டையைத் திருத்துமா? மதராசுக்குப் போயி ஆபரேஷன் பண்ணணும். சின்னதா இருக்கையிலேயே தெரிஞ்சிருக்கு, பொழைக்க வழியுண்டு. பட்டறையை இன்னைக்கே விட்டுரும்.

— விட்டா வீடு போச்சு. விடலைன்னா ஆளு போச்சு. நல்ல நாயம்!

— கடைசியா எப்பம்வே லீவு போட்டீரு?

— நேரு போனாரே, அன்னைக்கு. மொதலாளி அழுதுக்கிட்டே பூட்டினாரு. மறுநாள் காலையில சிரிச்சுக்கிட்டே தொறந்தாரு... டாக்டரய்யா, ஒண்ணு கேக்கட்டா? பட்டறை வாசலையே மிதிக்காத ஆளுக்கு இது வருமா?

— யாரைச் சொல்லுதீரு?

— சும்மாதான். என் கைலியை உதறித் துவைக்குத ஆளுன்னு வச்சுக்கிடுங்க. தறிக்குத் தாருக்குச்சியில நூல் சுத்தும்போது சாய நூல் அறுந்தா, நாக்குல தொட்டு முடிச்சுப் போடுத ஆளு.

— பொடி உம்ம துணியோட வீட்டுக்கு வருமில்லா. எல்லாருக்கும் நோய் வந்துராது. ஆனா வரலாம். எவ்வளவு காலமா?

— கல்யாணமான மறுநாள்ல இருந்து. நான் துவைச்சுக்கிடுதேன்னாலும் விடமாட்டா. 'உங்க செகப்பு என் கையிலயும் கொஞ்சம் ஒட்டட்டுமே'ம்பா.

— கண்ணைத் தொடச்சுக்கிடும். ராபியா வெளிய பெஞ்சிலதான இருக்கா? உள்ள கூப்பிடுதேன்.

— வேண்டாம்! கொஞ்சம் பொறுங்க.

— கட்டினவகிட்ட மறைக்கப்படாதுவே. உம்ம நோய் அவளுக்கும் தெரியணும்.

— என் நோய் அவளுக்குத் தெரியும், டாக்டரய்யா. அதனாலதான் 'உங்களுதைக் குடுத்தா மாட்டிக்கிடுவீங்க, என்னுது தெளிஞ்சிருக்கு, வீடாவது நிக்கட்டும்'னு சீசாவை வாங்கிட்டுப் போயி அவளே நிறைச்சுத் தந்தா.