இரண்டாவது ஜோடிக் கண்கள்

குளிர்காலத்தில் காலை எட்டு மணிவரை போர்வையை விட்டு வெளியே வராமலிருப்பதுதான் மனித இனம் இதுவரை எட்டிய ஆக உயர்ந்த நாகரிகம். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெருப்பு, சக்கரம், எழுத்து எல்லாமே இதற்கான முன்னேற்பாடுகள். எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் இதை மூன்று பாகமாக எழுதி நிரூபித்திருக்கிறேன். நூலகர்கூட நின்று படித்தார்.

டாக்டர், உங்கள் பறவைக் கழகத்தின் பதிவுப் படிவத்தில் ‘பார்த்த விவரம்’ என்று ஆறு வரிக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். எனக்கு ஆறு வரி போதவில்லை. அதனால் தனித்தாளில் எழுதி இணைக்கிறேன். என்ன பறவை, எந்த இடம், எந்த நாள் என்பதெல்லாம் படிவத்திலேயே இருக்கிறது. அந்தப் பறவையை நான் முதல்முதலாகப் பார்த்தது நேற்று இல்லை என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என் அக்காவை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் பதிவுக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிக்கலாம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். துறைமுகத்தில் நாலாம் நம்பர் கிரேன் அவளுடையது. தொண்ணூற்றாறு இரும்புப் படி ஏறி, கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் வைப்பாள். அந்த உயரத்திலிருந்து பார்த்தே கண்டெய்னரின் மூலைப்பூட்டு சரியாக விழுந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். கீழே பக்கத்திலேயே நிற்கும் சிக்னல்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “விழலம்மா, நீங்க சொன்னதுதான் சரி” என்பார்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பறவை பார்க்காமல் இருப்பாளா? ஆலா, நீர்க்காகம், உள்ளான், நாலைந்து வகைக் கடற்காகம் என்று கூண்டிலேயே ஒரு நோட்டு வைத்திருந்தாள். குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கழகத்தோடு அலைத்தடுப்புச் சுவரில் நிற்பாள். அந்தச் சுவரில் நிற்கும் உங்கள் எல்லோரையும் பற்றி நான் வாரம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ‘இருக்கிற பறவையை எண்ண ஒரு கழகம், இல்லாத பறவையை நிராகரிக்க ஒரு குழு’ என்று எழுதியது நான்தான். உங்களை நான் கொக்காக வரைந்திருந்ததும் உங்களுக்குத் தெரியும். பெரிய மனதோடு அதை உங்கள் கிளினிக்கில் மாட்டினீர்கள்.

போன வருஷம் ஜனவரி, இரண்டாவது ஞாயிறு. அக்கா என்னைப் போர்வையிலிருந்து உரித்து எடுப்பதுபோல எழுப்பினாள்.

“வாடா, ஒரே ஒரு நாள். உன் பத்திரிகைக்கு மேட்டர் கிடைக்கும்ல?”

இப்படித்தான் என்னை விலைக்கு வாங்கினாள். சுவரின் கடைசிவரை நடந்தோம். எனக்கு மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. அவள் உள்ளான்களை எண்ண ஆரம்பித்தாள்.

“நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி மூணு... நடுவுல பேசாதடா, விட்டுப்போயிடும்.”

“போனா திரும்ப எண்ணு. அதுங்க என்ன வருகைப் பதிவேட்டுல கையெழுத்தா போட்டிருக்குங்க?”

அவள் சிரிக்கவில்லை. என் சட்டைக்கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அசையாத. மூணாவது கல்லு மேல. வெள்ளையா.”

“எல்லாந்தான் வெள்ளையா இருக்கு.”

“முதுகைப் பாரு. மத்தது மாதிரி சாம்பல் இல்ல.”

அவள் பத்து விநாடி பார்த்திருப்பாள். அதற்குமேல் இல்லை. தன் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். அவள் தோள்பையில் கேமரா இருந்தது. அதைத் தொடவே இல்லை. என் விரல்மேல் விரலை வைத்து ஃபோகஸைத் திருப்பினாள்.

“தெரியுதா? இப்ப? இப்ப தெரியுதா? காலைப் பாரு. கால் என்ன கலர்?”

“கறுப்பு.”

அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள்.

டாக்டர், நான் அதைத் தெளிவாகப் பார்த்தேன். உடம்பு முழுக்க ஒரு பொட்டுகூட இல்லாத வெள்ளை. நீலம் கலந்த சாம்பல் அலகு, நுனியில் மஞ்சள். குட்டைக் கால், சுத்தக் கறுப்பு. வடக்கே கடலே உறைந்து கிடக்கும் நாட்டிலிருந்து வழி தவறி வரும் கடற்காகம் அது. இந்தக் கரையில் அதற்குமுன் யாரும் பார்த்ததாகப் பதிவு இல்லை. நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தது. அந்த நான்கு நிமிடத்தையும் அக்கா என்னைப் பார்க்க வைப்பதில் செலவழித்தாள். விசைப்படகு ஒன்று ஹார்ன் அடித்தது. பறவை போய்விட்டது. அப்புறம்தான் அவளுக்குக் கேமரா நினைவுக்கு வந்தது.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “போகட்டும் விடு. ஃபோட்டோ இல்லன்னா ரெண்டு ஜோடிக் கண்ணு வேணும், அதான் ரூல். நீ இருக்கியே.”

அன்று மாலை உங்கள் கிளினிக்கில் கூட்டம். பல் படங்கள் மாட்டிய அந்தக் காத்திருப்பு அறையில் பதினான்கு பேர். அக்கா எல்லாம் சொல்லி முடித்ததும் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

“தம்பி, நீங்களும் பாத்தீங்களா?”

“பாத்தேன் டாக்டர். ஒரு பிளாஸ்டிக் பை மாதிரி இருந்துச்சு. அக்கா ரொம்ப மரியாதையாப் பாத்தாங்களா, நானும் ஒரு வணக்கம் வெச்சேன்.”

சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான் சிரித்தாள், நான் அடுத்த வரியைச் சொல்லப்போகிறேன் என்று நினைத்து.

“போதும்டா விளையாட்டு. சொல்லு.”

“கண்ணால கண்டதைத்தானேக்கா சொல்ல முடியும்.”

அவ்வளவுதான் நடந்தது. ஏன் என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான், நானும் யோசித்துப் பார்த்தேன். பறவை பார்ப்பவர்களைக் கிண்டல் செய்தே கல்லூரியில் பெயர் வாங்கியவன் நான். நானே போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் மறுநாள் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது? இது ஒரு காரணம். பதினான்கு பேர் ஒரே சமயத்தில் சிரிக்கும்போது, சிரிக்க வைத்தவன் இருக்கும் பக்கத்தில் அது எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாது. இது இன்னொன்று. திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். திங்கட்கிழமை ‘பிளாஸ்டிக் பையின் வலசைப் பாதை’ என்ற கட்டுரை கல்லூரிச் சுவரில் ஏறியது. அதுவரை எழுதியதிலேயே அதற்குத்தான் கூட்டம்.

புதன்கிழமைக்குள் அது துறைமுகத்துக்கும் போய்விட்டது. வாக்கி-டாக்கியில், “பிளாஸ்டிக் பையக்கா, ரெண்டடி இறக்குங்க” என்றார்களாம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் இறக்கியிருக்கிறாள்.

வியாழக்கிழமை சமையலறையில் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“நெசமாவே நீ பாக்கலையாடா?”

“இல்லக்கா.”

“கால் கறுப்புன்னு சொன்னியே.”

இந்த இடத்தைக் குழு கவனமாகப் படிக்க வேண்டும். வாயைத் திறந்து ‘மன்னிச்சிடுக்கா’ என்றிருந்தால் கன்னத்தில் இரண்டு அறை, ஒரு வாரம் பேச்சில்லை, அதோடு முடிந்திருக்கும். நான் அதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அவசரப்பட்டுச் செய்யவில்லை.

“நீ அவ்ளோ ஆசையாக் கேட்ட. இல்லைன்னா மூஞ்சி வாடிடும்னு சும்மா சொன்னேன்.”

குழாயை மூடினாள். கொஞ்ச நேரம் ஃபிளாஸ்க்குக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதானே. எங்கிட்ட எதுக்கு நீ பொய் சொல்லப்போற” என்றாள்.

அந்த வாரமே கண் பரிசோதனைக்குப் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். நல்ல செய்தி என்று நான் நினைத்தேன். அவள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். “கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப கோளாறு வேற எங்கயோ” என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை, இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றைத் தூக்கிக் கரைக்குமேல் கொண்டுவந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். சிக்னல்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

“கீழ ஆள் நிக்கிறாரா?” என்று கேட்டாளாம்.

“யாரும் இல்லம்மா, இறக்குங்க.”

“மஞ்சள் சட்டை போட்டு ஒருத்தர்...”

“யாருமே இல்லம்மா.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே. எனக்குத் தெரியறதை நம்ப முடியாது.”

ஒன்பது டன் காற்றில் தொங்க, நாற்பது நிமிடம் அவளால் இறக்கவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை. வேறொரு ஓட்டுநர் ஏறிப்போய் அவளை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து இறக்கினார். தொண்ணூற்றாறு படியையும் அவள் பின்பக்கமாக, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினாளாம். கீழே வந்து கிரேன் சாவியைக் கொடுத்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே கொடுத்தாள்.

கப்பலைக் கயிறு போட்டுக் கட்டும் குட்டைத்தூண் ஒன்றில் யாரோ மஞ்சள் மழைச்சட்டையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சிக்னல்காரர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது தூணின் மறுபக்கம் இருந்தது. சாயங்காலம்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மறுநாள் வீடு தேடி வந்தார்.

“தம்பி, உங்க அக்கா பாத்தது சரிதான். மறக்காம சொல்லிடுங்க. ராத்திரியெல்லாம் எனக்கு மனசே ஆறல.”

சொல்கிறேன் என்றேன். அவர் வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு யோசித்தேன். மழைச்சட்டை சரி என்றால் அவளுக்குக் கண் சரி என்று ஆகிவிடும். கண் சரி என்றால் அந்தப் பறவையும் சரி. பறவை சரி என்றால் அப்புறம் நான் யார்? ஆறிவரும் புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா இப்போது துறைமுக வாசல் கேட்டில் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கிறாள். லாரி நம்பரை டிரைவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்போதுதான் எழுதுவாள். வீட்டில் எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்கிறாள். “டேய், இந்தச் சட்டை நீலமா பச்சையா?” “அடுப்பு அணைஞ்சிருக்கா பாரு.” “எதிர்ல வர்றது நம்ம பக்கத்து வீட்டுக்காரங்கதானே?” நான் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. பொறுமையாகப் பதில் சொல்கிறேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று மாடிக்கு மாடி பேசிக்கொள்கிறார்கள்.

பத்திரிகையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்கு அலைத்தடுப்புச் சுவருக்குப் போகிறேன். அவள் எனக்கே கொடுத்துவிட்ட பைனாகுலர், அவள் தொடாத கேமரா. அந்தப் பறவை திரும்ப வந்தால் ஒரு ஃபோட்டோ எடுத்து, ‘பாருக்கா, இப்பத்தான் வந்திருக்கு, நீ சொன்ன மாதிரியே’ என்று புதிதாகக் கண்டதுபோலக் காட்டிவிடலாம் என்பது திட்டம். இந்தக் காலைகளைப் பற்றி இதற்குமேல் எழுத விரும்பவில்லை.

நேற்று அது வந்தது. ஐந்தாவது கல்லில், காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தது. கேமராவை எடுக்கப்போனேன். பின்னால் காலடிச் சத்தம்.

“மப்ளரை விட்டுட்டு வந்துட்ட. சளி பிடிச்சா யாரு பாக்குறது?”

ஒரு வருஷமாக அந்தச் சுவரில் கால் வைக்காதவள். என் பக்கத்தில் வந்து நின்றாள். வெறும் கண்ணால், தேடாமலே, நேராக ஐந்தாவது கல்லைப் பார்த்தாள். நான் பறவையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மூச்சை அடக்கினாள். அவள் கை என் சட்டைக்கையைப் பிடிக்க வந்தது. பாதியிலேயே நின்று, மப்ளரைப் பிடித்துக்கொண்டது.

“டேய்... அங்க ஏதாவது இருக்கா?”

“எங்கக்கா?”

“அந்தக் கல்லு மேல.”

பைனாகுலரை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். கால் கறுப்பு.

“ஒன்னும் இல்லக்கா. நுரை.”

“ஆமா” என்றாள். “நுரைதான். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.”

மப்ளரை என் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். சீக்கிரம் வந்துவிடு, சாப்பாடு ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கடலைப் பார்க்கவில்லை, தன் காலடியைப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் உருவம் மறைந்த பிறகு ஏழு படம் எடுத்தேன். இணைத்திருக்கிறேன். ஃபோகஸ் நன்றாகவே இருக்கிறது.

நேற்று உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். ஒரு வார்த்தை. ஆனால் அவள் என்னைக் கேட்ட விதத்தை நீங்கள் பார்க்கவில்லை. நம்புவதற்கு அவளுக்கு இப்போது மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். அதையும் எப்படிப் பிடுங்குவது? குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கரையின் முதல் பதிவை என் அக்கா பெயரில், போன வருஷத் தேதியில் போடுங்கள். இரண்டாவது சாட்சியாக என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். ஆனால் இது அவளுக்குத் தெரிய வேண்டாம். இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறாள்.

இதைச் சுவரின் கடைசியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மணி ஆறேகால். வெளிச்சம் வந்துவிட்டது. ஐந்தாவது கல்லில் வெள்ளையாக இருக்கிறது. நான்கு தடவை பார்த்துவிட்டேன். பறவைதான். படத்தோடும் ஒப்பிட்டுவிட்டேன். ஆனாலும் பக்கத்தில் யாராவது நின்று ‘ஆமா, இருக்கு’ என்று ஒருமுறை சொன்னால் தேவலை போலிருக்கிறது. வீடு பத்து நிமிட நடைதான். அக்கா எழுந்திருப்பாள், கூப்பிட்டால் வந்துவிடுவாள். ஆனால் இந்தக் காலைக் குளிர் அவளுக்கு ஆகாது.