மருந்துப் பெட்டியை வண்டியில் ஏற்ற விடாதது பற்றி

காவல் நிலையத்தில் பெயர் கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் எல்லோரும் கூப்பிடும் "சலவைப் பாட்டி" என்பதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன். வயது எழுபதுக்கு மேல். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல்கடை மாடியில், மகளோடும் பேத்தியோடும் இருக்கிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. இதே ஆஸ்பத்திரியில் படுக்கைவிரிப்பு வெளுத்துத்தான் மகளை வளர்த்தேன்.

என் பேத்திக்கு லட்சத்தில் ஒருவருக்கு வரும் தசை நோய். அரிய நோய்க்காரர்களுக்கான அரசாங்கத் திட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவளுக்கு மருந்து ஏற்றுகிறார்கள். திட்டம் வருவதற்கு முன், "இது தங்காதும்மா, அடுத்ததைப் பாருங்க" என்று என் மகளிடம் சொன்ன டாக்டர்தான் ஆஸ்பத்திரியின் இன்றைய கண்காணிப்பாளர். அவர் மறந்திருக்கலாம். சொல்லும்போது அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், நான் மறக்கவில்லை.

போன வாரம் மறுஆய்வுக் குழு வந்தது. மருந்து ஏற்றிய மறுநாள் வந்தார்கள். அன்றைக்குத்தான் அவள் நன்றாக நடப்பாள். அடுத்த தவணை நெருங்க நெருங்க, மாடிப்படியில் தூக்கித்தான் இறக்க வேண்டும். நடக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்து, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். அதைப் பார்த்துவிட்டு, நலமாக இருக்கிறாள், இனி மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு நான் கண்காணிப்பாளரிடம் போய், "குடை பிடிச்சதாலதான் ஐயா நனையல. நனையலையேன்னு குடையைப் பிடுங்குவீங்களா?" என்று கேட்டேன். "குழு சொன்னா சொன்னதுதான் பாட்டி" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அதன் பிறகு இன்று காலை, அவள் பங்கு மருந்தைத் தலைமைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்ப, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, வாசலில் நின்ற வண்டிக்குக் கொண்டுவந்தார்கள். நான் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். மருந்தறைக்காரர், "எந்திரிங்க பாட்டி, ஐஸ் கரைஞ்சா எல்லாம் வீணாயிடும்" என்று கத்தினார். "எனக்குத் தெரியாதா? குளிர்பெட்டியிலயே திரும்ப வைப்பா, எந்திரிக்கிறேன்" என்றேன். வைத்தார். அவர் பின்னாலேயே மருந்தறைக்குப் போய், குளிர்பெட்டிக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். காவலர்கள் வரும்வரை எழவில்லை.

வண்டி ஓட்டுநரைக் கைத்தடியால் அடித்ததாகச் சொல்வது பொய். நான் அடித்திருந்தால் அவர் தன் காலால் நடந்து வந்து புகார் கொடுத்திருக்க மாட்டார்.

விசாரித்த பெண் அதிகாரி நல்ல மாதிரிதான். "வருத்தப்படுறேன்னு ஒரு வரி சொல்லிடுங்க பாட்டி, இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். "இல்லாத வருத்தத்தை எங்கம்மா போய்க் கைமாத்து வாங்குறது?" என்றேன்.

அடுத்த தவணைக்கு முந்தின நாள் குழு வந்து அவளை நடக்கச் சொல்லட்டும். அன்றைக்கும் நடந்தால் பெட்டியை நானே வண்டியில் ஏற்றுகிறேன். அதுவரை, என்னை வெளியில் விட்டால் நேரே அந்தக் கதவுக்குத்தான் போவேன். தேடி அலைய வேண்டாம்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். வருத்தம் என்று தாங்களாகச் சேர்த்திருந்த வரியை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மிச்சம் அத்தனையும் என் வாயால் சொன்ன உண்மை.

இடது கைப் பெருவிரல் ரேகை.