மிஸ்டர் ஆம்ப்ளரின் குடை

ஹெலன்: "இந்தக் குடை யாரோடது?"ன்னு போலீஸ்காரர் வாசல்ல நின்னு கேட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க?

வினிஃப்ரெட்: "மன்னிச்சுக்கோங்க"ன்னேன்.

ஹெலன்: கேள்விக்குப் பதிலே அதுதானா?

வினிஃப்ரெட்: பால்காரர் வந்தாலும் அதைத்தான் சொல்வேன், வக்கீலம்மா. வாசல்ல யாரையாவது காக்க வெச்சா அப்படித்தானே...

ஹெலன்: குத்தத்தை ஒத்துக்கிட்டீங்கன்னு எழுதி வெச்சிருக்காரு. இன்னும் பத்து நிமிஷத்துல போலீஸ் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. கவனமா கேளுங்க. திருட்டுன்னு ஆகறதுக்கு அஞ்சு விஷயம் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் திருட்டு இல்ல. குடை ஒரு பொருள். அது மிஸ்டர் ஆம்ப்ளரோடது. சர்ச்சுல நீங்க அதை எடுத்ததைப் பூ அடுக்கற அம்மா பார்த்திருக்காங்க. மூணு போச்சு.

வினிஃப்ரெட்: மிச்சம்?

ஹெலன்: நேர்மையில்லாம எடுத்தீங்களாங்கறது. உங்க குடைன்னு நெனச்சு மாத்தி எடுத்திருந்தா...

வினிஃப்ரெட்: நான் அன்னைக்குக் குடையே கொண்டுபோகல.

ஹெலன்: ...சரி. அதுவும் கஷ்டம்தான்.

வினிஃப்ரெட்: தண்டனை ஆச்சுன்னா பள்ளிக்கூடச் சமையல் வேலை போயிடுமா?

ஹெலன்: போயிடும். எத்தனை வருஷம் ஆச்சு?

வினிஃப்ரெட்: இருபத்தாறு.

ஹெலன்: அப்போ கடைசி ஒண்ணுதான் உங்களைக் காப்பாத்தணும். திருப்பியே தராம வெச்சுக்கற எண்ணம். மூணு வாரம் வெச்சிருந்தீங்களே...

வினிஃப்ரெட்: நாலு தடவை அவர் வீட்டு கேட் வரைக்கும் எடுத்துட்டுப் போனேன்.

ஹெலன்: யாராவது பார்த்தாங்களா?

வினிஃப்ரெட்: ஒரு தடவை அவரே பார்த்தாரு. ஜன்னல்ல நின்னு தலையாட்டினாரு. குடை கோட்டுக்குள்ள இருந்துச்சு. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஹெலன்: ஏன், கொடுத்திருக்கலாமே?

வினிஃப்ரெட்: மூணு வாரமா மழையே இல்லியே. வெயில்ல குடையோட போய் நின்னா என்ன நெனப்பாரு?

ஹெலன்: திருப்பிக் கொடுக்கத்தான் நெனச்சீங்கன்னா எதுக்கு எடுத்தீங்க?

வினிஃப்ரெட்: அதை மட்டும் கேக்காதீங்க, வக்கீலம்மா.

ஹெலன்: மிஸ் வினிஃப்ரெட். அஞ்சு நிமிஷம்தான் இருக்கு.

வினிஃப்ரெட்: கொண்டுபோய்க் கொடுத்தா, "உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க"ன்னு சொல்வாரு. சொல்லாம இருக்க முடியாது, இல்லியா... அதுக்குத்தான்.

ஹெலன்: இது போதும். உள்ள போய் இதை அப்படியே சொல்லுங்க. நாளைக்கு வேலைக்குப் போயிடலாம்.

வினிஃப்ரெட்: நான் சொல்றது அவர் காதுக்குப் போகுமா?

ஹெலன்: புகார் கொடுத்தவராச்சே. கேஸை ஏன் விட்டோம்னு போலீஸ் அவருக்குச் சொல்லித்தான் ஆகணும்.

வினிஃப்ரெட்: அப்போ வெச்சுக்கத்தான் எடுத்தேன்னு எழுதிக்கச் சொல்லுங்க.