காதுக்குப் பின்னாலயும்

வாயத் தொறக்காதீங்க கெல்லி சார். இப்பத்தான் உதட்டோரம் கறுப்பு பூசியிருக்கேன், பேசினா வெடிச்சிரும். ஆமா, காதுக்குப் பின்னாலயும் பூசணும். கறுப்புக் கதாநாயகியே கூரையிலேருந்து குதிக்கிறான்னு நம்பிப் பாக்கிறப்ப, அவளுக்குப் பதிலாக் குதிக்கிற உங்க வெள்ளைக் காது தெரிஞ்சா எங்க வாட்ஸ் பேட்டைக் கறுப்பு ஜனம் சோளப்பொரியத் திரையில எறியும். போன படத்துல எறிஞ்சாங்க. ரயில்மேல ஓடினவளுக்கு மீசை மழிச்ச தடம் இருந்துச்சு.

சிரிக்காதீங்க, கன்னத்துல கோடு விழுது.

நான் சினிமாக்காரி இல்ல சார். நூத்திமூணாம் தெருவுல பொம்பளைங்களுக்கு முடி பாக்கற கடை வச்சிருக்கேன். எங்க தோலுக்கு நிறம் கலக்க உங்க கம்பெனியில ஆள் இல்லன்னு கூட்டிட்டு வந்தாங்க. உங்க கதாநாயகியோட முதல் படம் வந்ததிலேருந்து என் கடையில சூட்டுச் சீப்பு துருப்பிடிச்சுக் கிடக்கு. ஒருத்தியும் சுருள நீட்டி விடச் சொல்றதில்ல. அவள மாதிரி முடி சிலுப்பிக்கிட்டு நிக்கணுமாம். எங்க சர்ச்சுல பாடுற மிஸ் ஹேட்டி, கெட்ட படம்னு திட்டிட்டு, தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டு மூணு தடவ பாத்தா. அப்புறம் ஒருநாள் பஸ்ல இடுப்பக் கிள்ளினவனக் கைப்பையாலயே சாத்தினா. அந்த அடி படத்துல கத்துக்கிட்டது.

தலைக்கு வைக்கிற விக்கா? இருக்கு, இருக்கு. குதிக்கப் போடுற ஜாக்கெட்டத்தான் தைக்கக் குடுத்திருக்கேன், தோள்ல பிடிக்குதுன்னீங்களே.

என் தங்கச்சி எர்லீனும் இந்தக் குதிக்கிற வேலை கேட்டு வந்தா சார். பக்கத்து ஊரு காம்ப்டன்ல குதிரைக்காரி. லாயத்துக் கூரையிலேருந்து, காலி அட்டைப்பெட்டிய அடுக்கி வச்சுக் குதிச்சுப் பழகினவ. உங்க சண்டை மாஸ்டர் என்ன சொன்னாரு? சங்கத்துல இல்லாதவளக் குதிக்க விடமாட்டோம்னாரு. சரி, சங்கத்துல சேத்துக்கங்கன்னா, அதுக்குப் படத்துல குதிச்சிருக்கணுமாம். அவ அழல. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. பின்னாலேருந்து பாத்தா யாரு குதிச்சா என்ன, எல்லாம் ஒண்ணாத்தானே தெரியும்னீங்க. நீங்க மறந்திருப்பீங்க. நான் மறக்கல.

வெளியில கைதட்டுறாங்களா? ஆமா, கேக்குது. உக்காருங்க சார், எங்க ஓடுறீங்க, இன்னும் காயல. உங்க மாஸ்டர் கத்துறாரு பாருங்க, கெல்லி, அசத்திட்டடான்னு. உங்களத்தான் சொல்றாரு.

ஜாக்கெட் எர்லீனுக்கு அளவா இருந்துச்சு, தைக்க வேண்டிய வேலையே இல்ல. விக்கு இந்தா நாற்காலிக்கு அடியில இருக்கு, எடுத்துக்கங்க. அவளுக்குத் தேவைப்படல. குதிச்சப்ப பறந்தது அவ சொந்த முடி. நீங்க சொன்னது சரிதான், பின்னாலேருந்து பாத்து மாஸ்டருக்கு வித்தியாசமே தெரியல. இனிமே சங்கத்துல கேக்கட்டும், நீ எந்தப் படத்துல குதிச்சிருக்கன்னு. பிலிம்ல ஏறிடுச்சு.

இந்தாங்க ஈரத்துணி. தொடைச்சுக்கங்க தம்பி. காதுக்குப் பின்னாலயும்.