சல்லடைக்கு அந்தப் பக்கம்

இல்ல சாமி, நான் பாவசங்கீர்த்தனத்துக்கு வரல. நேர்ல நின்னு ஒண்ணு கேக்கணும். சனிக்கிழமையானா என் மக மோலிகிட்ட என்ன பேசுறீங்க?

ரகசியம்னு தெரியும் சாமி. ஞானோபதேசம் நானும் படிச்சவதான். ஆனா மத்த புள்ளைங்க பாவசங்கீர்த்தனக் கூண்டோட சல்லடை முன்னால முழங்கால் போட்டு, ரெண்டு பாவத்தைச் சொல்லிட்டு ஓடிடுதுங்க. இவ மட்டும் அரை மணி நேரம்! வரிசையில அடுத்ததா நின்ன பக்கத்து வீட்டு பெட்டியக்கா வந்து கேக்குறாங்க, என்ன விக்டோரியா, உன் மக இவ்வளவு பேசுவாளான்னு. வார்த்தை புரியலையாம், சத்தம் மட்டும் கேட்டுச்சாம். என்னால நம்பவே முடியல.

ஏனா? நீங்க மைசூருக்கு மாத்தலாகி வந்து கொஞ்ச நாள்தானே, உங்களுக்கு எப்படித் தெரியும். அவ பேசமாட்டா சாமி. சுதந்திரம் வந்த வருஷம் பொறந்தவ, ஒம்பது முடிஞ்சிருச்சு. யார் மூஞ்சியையும் பாக்கமாட்டா. பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா தாடையைப் பிடிச்சுத் திருப்பி, என்னைப் பாரு பாருன்னா, கண்ணை இறுக்கி மூடிக்குவா. தண்ணி வேணும்னா என் கையை இழுத்துட்டுப் போய்ப் பானை மேல வைப்பா. அவ்வளவுதான். சும்னே, பேருக்கு வரிசையில நிக்கட்டும்னுதான் அவளைக் கோயிலுக்கே அனுப்பினேன்.

அப்படிப்பட்டவ உங்ககிட்ட மட்டும் எப்படிப் பேசுறா? மிட்டாய் குடுக்குறீங்களா? வீட்டு விஷயத்தைக் கிளறுறீங்களா? இல்ல, அவளைப் பெங்களூர்ல எங்கயாவது விடுதியில தள்ளிடலாம்னு எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னாரா? தலையாட்டாதீங்க சாமி. நீங்க ரெண்டு பேரும் கொடிமரத்துக்கிட்ட குசுகுசுன்னு பேசினதை நான் பாத்தேன்.

என்னது, அவ மூஞ்சியையே பாத்ததில்லையா? பக்கவாட்டுல உக்காந்து காதை மட்டும் குடுப்பீங்களா?

ம்... அப்படித்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன்.

பேடா சாமி, அவ சொன்னது எதுவும் எனக்கு வேண்டாம். முந்தாநாள் அடுப்படி வாசல்ல என் பழைய மெல்லிசு வாயில் துணிச் சீலையைக் குறுக்கால கட்டினேன். இந்தப் பக்கம் நான், சுவத்தைப் பாத்துக்கிட்டு. அவளே வந்து அந்தப் பக்கம் உக்காந்தா சாமி! மூச்சு விடுறது கேட்டுச்சு. என்ன கேக்குறதுன்னு தெரியாம நான்தான் அழுதுட்டு எழுந்துட்டேன்.

நீங்க முதல்ல என்ன கேப்பீங்க? அதை மட்டும் சொல்லுங்க. அவ அழுதுதான் கேட்டிருக்கேன். பேசி ஒரு தடவ கூடக் கேட்டதில்ல.